பேர்லினில் நான்கு நாட்கள்

மலருக்குக் கட்டுரையொன்று எழுதியனுப்புமாறு சங்கச் செயலாளர் கடிதம் விடுத்தபோது, கல்லூரி நாட்களைப் பற்றி எழுதுவதா, பிறிதொன்றை எழுதுவதா எனச் சில நாட் சிந்தித்தேன். விடுதிச் சாப்பாட்டையும் விளையாட்டுப் போட்டிகளையும் பற்றி எழுத என்னினும் வல்லார் பலருளர். ஆதலின், ஜேர்மனியிற் சனிக்கிழமைதோறும் நான் தமிழ் கற்பித்துவரும் மாணவர் 14 பேரைப் பேர்லின் மாநகருக்கு அழைத்துச் சென்றுவந்த வரலாற்றை எழுதத் துணிந்தேன். அவர்களுள் மூவர் நம் கல்லூரிப் பழைய மாணவரின் பேரப்பிள்ளைகளாவர். ஆகையால் இம்மலரில் இதற்கு இடமுண்டென நம்புகிறேன்.

ஜேர்மன் பாடசாலைகளில் மேல்வகுப்பு மாணவரைப் பேர்லினுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். எம் மாணவருட் சிலர் முன்னரே அவ்வாறு சென்றுவந்தவர்கள். அந்நகரின் வரலாற்றை நாளும் ஆண்டும் பிசகாமல் ஒப்புவிக்க வல்லவர்கள். ஆயினும் அதனையே தமிழிற் சொல்லுமாறு கேட்டால் வாய் திறவார். எனவே, நான்கு நாளும் கண்டவற்றையெல்லாம் தமிழிலேயே விளக்கவேண்டும் என்பது எமது பயணத்தின் ஒரே நிபந்தனையாயிற்று. புகையிரதம் புறப்பட்ட அரை மணி நேரத்திலேயே முதற் சங்கடம் எழுந்தது. நகரைப் பிரித்து நின்ற அதனைச் ‘சுவர்’ என்பதா, ‘மதில்’ என்பதா? வீட்டுக்குரியது சுவர், வளவுக்குரியது மதில் என்று நான் சொன்னேன். அப்படியாயின் மதிலென்றே சொல்வோம் என முடிவாயிற்று. அம்முடிவை மறுநாளே மாற்றவேண்டி வருமென்று யாரும் எண்ணவில்லை.

நகரம் பிளவுபட்ட காரணத்தைச் சுருங்கச் சொல்வேன். 1945 மே மாதத்தில் ஜேர்மனி தோல்வியுற்றபின், வென்ற வல்லரசுகள் அந்நாட்டை நான்கு வலயங்களாகப் பகுத்துக்கொண்டன. சோவியத்து நாடு, அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு என்பன அந்நான்கு. தலைநகராகிய பேர்லினும் அவ்வாறே நான்கு பிரிவுகளாயிற்று. இங்கேதான் சிக்கல். பேர்லின் நகரம் முழுவதும் சோவியத்து வலயத்தின் நடுவே கிடந்தது. மேற்கு வலயங்களின் எல்லையோ நூறு மைல் அளவு அப்பால். ஆகவே மேற்குப் பேர்லின் எனப்பட்ட பகுதி, நாற்புறமும் அந்நிய நிலம் சூழ்ந்த ஒரு தீவாயிற்று. நம் வாசகர் பலரும் எண்ணுவதுபோல, நாட்டைக் கிழக்கு மேற்காகப் பிரித்த கோடு பேர்லினுக்கூடாகச் சென்றதன்று. இதனை மனத்திற் கொள்ளாவிடின் பின்வருவன எவையும் விளங்கா.

1948 யூன் மாதத்தில் மேற்கு வலயங்களிற் புதிய நாணயம் வெளியிடப்பட்டதையொட்டிப் பிணக்கு முற்றியது. அம்மாதம் 24ஆம் நாள் சோவியத்துப் படையினர் மேற்குப் பேர்லினுக்குச் செல்லும் தரைவழி, நீர்வழி யாவற்றையும் அடைத்தனர். இருபது இலட்சம் மக்களுக்கு உணவும் நிலக்கரியும் ஆகாயமார்க்கமாகவே வந்துசேரவேண்டியதாயிற்று. 1949 மே 12ஆம் நாள் தடை நீங்கியது; ஆயினும் விமானங்கள் செப்டெம்பர் வரை பறந்தன. இரண்டே கால் இலட்சத்துக்கு மேற்பட்ட பறப்புகளில் ஏறக்குறைய 23 இலட்சம் தொன் பொருள்கள் கொண்டுவரப்பட்டன; அவற்றுட் பெரும்பகுதி நிலக்கரியே. மாமூட்டையும் கரிமூட்டையும் விமானத்தில் வந்த காட்சியை மாணவர் வியந்தனர். தடையும் தட்டுப்பாடும் இன்னவென்று பட்டறிந்த நம்மூர் வாசகர் அவ்வளவு வியவார் என எண்ணுகிறேன்.

அவ்வாண்டிலேயே இரு ஜேர்மன் அரசுகள் தோன்றின. 1952இல் இரு நாடுகளுக்கும் இடைப்பட்ட நெடிய எல்லை அடைக்கப்பட்டது. பேர்லின் நகரினுள்ளே மட்டும் கிழக்கிலிருந்து மேற்குக்குச் சுரங்க இரயிலில் ஏறிச் சென்றுவிடக்கூடியதாயிருந்தது. அவ்வாயிலைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் கொஞ்ச நஞ்சமல்லர். 1949 முதல் 1961 வரை கிழக்கு ஜேர்மனியை விட்டு நீங்கியோர் 25 இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களுட் பெரும்பாலோர் இளைஞர். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், தொழில்வல்லோர் எனப் பலர். படித்தவரும் இளைஞரும் வெளியேறிய பின் ஒரு நாடு எந்நிலையை அடையும் என்பதை நான் விரித்தெழுத வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஊர் உறங்கும் வேளையிற் கிழக்கு ஜேர்மன் அரசினர் முட்கம்பியை விரித்து அவ்வாயிலையும் அடைத்தனர். கம்பி கல்லாயிற்று, கல் கொங்கிறீற்றாயிற்று. மேற்குப் பேர்லினைச் சுற்றி நின்ற எல்லையின் நீளம் 155 கிலோமீற்றர். அதில் நகரின் இரு பாதிகளையும் பிரித்த பகுதி 43 கிலோமீற்றர்.

இரண்டாம் நாட் காலையிற் பேர்னவர் வீதிக்குச் சென்றோம். பேர்லினுக்குச் செல்லும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது, வேறெதனைக் காணாவிடினும் இவ்வீதியைக் காண்க என்பதே. சோதனைச் சாவடி இருந்த இடமெனச் சனம் திரளும் முச்சந்தியிற் கடைகளைத் தவிர அதிகமாகக் காண ஒன்றுமில்லை. பேர்னவர் வீதியோ நடந்ததை நடந்தபடி வைத்திருக்கிறது.

இவ்வீதியின் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்குப் பிரிவைச் சேர்ந்தவை. அவ்வீடுகளின் வாசற்படிக்கு முன்னுள்ள நடைபாதை மேற்குப் பிரிவைச் சேர்ந்தது. வீட்டின் முகப்புச் சுவரே எல்லை. வாசலைத் திறந்து வெளியே காலெடுத்து வைத்தவர் வேற்று நாட்டில் நின்றார். எல்லை மூடப்பட்டதும் முதலில் வாசற்கதவுகள் அடைக்கப்பட்டன. சனங்கள் யன்னல்கள் வழியே குதித்தனர். மேற்குப் பகுதித் தீயணைப்புப் படையினர் கீழே வலை விரித்து நின்றனர். பின்னர் யன்னல்களும் கல் வைத்துக் கட்டப்பட்டன. ஓகஸ்ட் 22ஆம் நாள், 48ஆம் இலக்க வீட்டில் வசித்த ஈடா சீக்மன் என்னும் பெண்மணி தம் படுக்கை முதலியவற்றை முன்னே எறிந்துவிட்டு மாடியிலிருந்து குதித்து உயிர் நீத்தார். மறுநாள் அவருக்கு 59 வயது நிறைவதாயிருந்தது. அவ்வெல்லையில் மாண்டவர் வரிசையில் அவரே முதல்வர். 1989 வரை மாண்டோர் தொகை 140க்குக் குறையாது.

அவ்விடத்தில் மாணவனொருவன், “சேர், அப்படியென்றால் இது முதலிற் சுவர்தான், பிறகுதான் மதில்” என்றான். சரியே. வீடுகளை இடித்து வெளியாக்கியபின் அங்கே எழுந்தது மதில்; அதற்கு முன் பலருடைய வீட்டுச் சுவர். அகராதியைப் புரட்டி நான் சொன்ன விளக்கத்தை, வீதியிற் கிடந்த அத்திவாரக் கல்லைப் பார்த்து அவன் திருத்திவிட்டான்.

உண்மையில் மதிலும் ஒன்றன்று, இரண்டு. கிழக்கே உள்மதில், பின்பு தொட்டால் ஓசையெழுப்பும் கம்பிவேலி, காவற்கோபுரம், விளக்குவரிசை, காவலர் செல்லும் பாதை, கால்தடம் பதியுமாறு சமப்படுத்திய மணற்பரப்பு, இறுதியாகவே மேற்குலகம் கண்ட வெளிமதில். வெளிமதிலின் உயரம் 3.6 மீற்றர். யாழ்ப்பாணத்தவருக்கு வேலிச் சண்டை புதிதன்று. ஓரடி நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களை அறிவோம். ஆனால் தன் வளவுக்குள்ளிருப்போர் வெளியே போகாதபடி வேலி அடைத்தவரை நான் கேள்விப்பட்டதில்லை.

அவ்வெளியின் நடுவிலே 1894இற் கட்டிய தேவாலயமொன்று அகப்பட்டுக்கொண்டது. ‘நல்லிணக்கத் தேவாலயம்’ என்பது அதன் பெயர். சபையாரிற் பெரும்பாலோர் மேற்கே. கோயிலோ காவலர் நடமாடும் வெளியில். வழிபாடின்றிப் பல்லாண்டு பூட்டிக் கிடந்து, 1985 சனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நாலாண்டும் பத்து மாதமும் பொறுத்திருந்தால் மதிலே வீழ்ந்திருக்கும். அவ்விடத்தில் 2000ஆம் ஆண்டிற் சிறிய வழிபாட்டுமனையொன்று எழுப்பினர். அதன் சுவர் திமிசு போட்டு இறுக்கிய மண்ணாலானது. பழைய கோயிலின் இடிபாட்டுக் கற்களைப் பொடித்து அம்மண்ணிற் கலந்திருக்கின்றனர். உற்றுப் பார்த்தாற் செங்கற் துண்டுகள் தெரிகின்றன. மாணவியொருத்தி சுவரைத் தடவி, தன் அம்மம்மா வீட்டுக் குசினியும் மண்சுவர்தானாம் என்றாள். மனையைச் சுற்றி ஒரு துண்டு நிலத்தில் றை எனும் தானியம் விளைவிக்கிறார்கள். காவலர் துப்பாக்கியோடு திரிந்த மண்ணில் இப்போது அரிவிவெட்டு நடக்கிறது.

இவ்வீதிக்கருகேயுள்ள வடநிலையத்தில், நிலத்தின் கீழ், ‘பேய் நிலையங்கள்’ பற்றிய காட்சியொன்று உண்டு. மேற்குப் பேர்லினின் சில இரயிற் பாதைகள் கிழக்குப் பகுதியின் அடியாகச் சென்று மீண்டும் மேற்கே வெளிப்பட்டன. அவ்வண்டிகள் கிழக்கிலுள்ள நிலையங்களில் நில்லாமல் மெதுவாகக் கடந்து சென்றன. மங்கிய வெளிச்சத்தில், வெறிச்சோடிய மேடையிற் காவலர் மட்டும் நிற்க, 28 ஆண்டுகள் அவ்வாறே சென்றன. தலைக்கு மேலே நடந்து திரிந்த மக்களுக்கோ அந்நிலையங்களின் வாசல்களே தெரியாதபடி அடைக்கப்பட்டிருந்தன. மாணவருக்கு இக்காட்சியே எல்லாவற்றினும் பிடித்திருந்தது. பேய் என்ற பெயரும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாகிய நகரில் எல்லாம் இரண்டாயின. 1810இல் நிறுவிய பழைய பல்கலைக்கழகம் கிழக்கே அமைந்தது. அங்கே அரசியல் நெருக்குதல் பொறாத மாணவரும் ஆசிரியரும் 1948இல் மேற்கே ‘சுதந்திரப் பல்கலைக்கழகம்’ கண்டனர். மிருகக்காட்சிச்சாலை மேற்கே இருந்தது. ஆகவே 1955இற் கிழக்கிலும் ஒன்று திறந்தார்கள். மேற்கே றாம் வண்டிகளை 1967க்குள் ஒழித்துவிட்டனர். கிழக்கே அவை ஓடிக்கொண்டேயிருந்தன. இன்றும் றாம் பாதைகளிற் பெரும்பகுதி கிழக்கிலேயே உண்டு. தெருவிளக்குகளும் இரு வகை. அதனால் விண்வெளியிலிருந்து இரவிற் படம்பிடித்தபோது ஒரு பாதி மஞ்சளாகவும் மற்றது வெண்மையாகவும் தோன்றியது. தெருவைக் கடக்க வழிகாட்டும் விளக்கிற் கிழக்கு ஜேர்மனியில் தொப்பியணிந்த சிறு மனிதனுருவம் இருந்தது. அதனை நீக்க முற்பட்டபோது மக்கள் மறுத்தெழுந்தனர். இப்போது அச்சிறு மனிதன் மேற்கிலும் குடியேறிவிட்டான். கிழக்கிலிருந்து மேற்கே சென்ற அகதிகளுள் இன்முகத்தோடு வரவேற்கப்பட்டவன் இவனே என்று நான் சொல்ல, மாணவர் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் பிரீட்றிக் வீதி நிலையத்துக்குச் சென்றோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்நாளே.

இந்நிலையம் முழுவதும் கிழக்குப் பேர்லினுள் இருந்தது. எனினும் மேற்கின் இரயில்களும் இங்கு வந்து நின்றன. ஒரே கூரையின் கீழ், மேடைகளுக்கு நடுவே தடுப்புச் சுவர் எழுப்பி, நிலத்தின் கீழுள்ள வழிகளைத் திசைமாறப் பின்னி, ஒரு நிலையத்தை இரு நாடுகளாக்கியிருந்தனர். கிழக்கிலிருந்து மேற்கே செல்வோரைச் சோதிக்க 1962இற் கண்ணாடி மண்டபமொன்று பக்கத்திற் கட்டினர். விடைபெறும் உறவினர் அழுது நின்றமையால், மக்கள் அதனைக் ‘கண்ணீர் மாளிகை’ என்றழைத்தனர். 2011 முதல் அது காட்சிச்சாலை. கடவுச்சீட்டுப் பார்க்கும் ஒடுங்கிய கூண்டொன்று அன்றிருந்தபடியே அங்குண்டு.

அக்கூண்டினுள் நுழைந்தபோது என் கால்கள் சிறிது தயங்கின. 1984 ஒக்டோபர் மாதத்தில் அவ்வழியாகவே நான் ஜேர்மனிக்கு வந்தேன்.

1983 யூலைக்குப் பின் நம் இளைஞர் பலர் எவ்வாறு ஐரோப்பாவை அடைந்தனர் என்பதை இக்காலப் பிள்ளைகள் அறியார். அறிந்த பெற்றோரும் சொல்வதில்லை. என் தந்தையார் காணித்துண்டொன்றை ஈடுவைத்தார். தாயார் தாலிக்கொடி தவிர்ந்த நகையெல்லாம் கொடுத்தார். கொழும்பிலிருந்து மொஸ்கோ; மொஸ்கோவிலிருந்து கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையம். கிழக்கு ஜேர்மன் அதிகாரிகள் தம் நாட்டைக் கடந்து செல்வதற்கு மாத்திரம் அனுமதி தந்தனர். அவ்விடத்திலிருந்து இரயிலேறி பிரீட்றிக் வீதி, கண்ணாடி மண்டபம், கூண்டு, ஒரு முத்திரை, மீண்டும் இரயில். சில நிமிடங்களில் மேற்குப் பேர்லினின் மிருகக்காட்சிச்சாலை நிலையத்தில் இறங்கினேன். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பருத்திச் சட்டையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு, இது எந்த நாடு என்று ஒரு தமிழரைத் தேடிக் கேட்கவேண்டியிருந்தது.

மேற்கே ஏன் சோதனையில்லை? மேலே சொன்ன நான்கு வல்லரசு ஏற்பாட்டிலேதான் இதற்கு விடையுண்டு. பேர்லின் முழுவதும் ஒரே நகரம், நான்கு வல்லரசுகளும் கூட்டாகப் பொறுப்பேற்றது, அதன் நடுவே ஓடும் கோடு நாட்டெல்லையன்று என்பது மேற்கு வல்லரசுகளின் கொள்கை. அக்கோட்டிற் கடவுச்சீட்டுக் கேட்டால், அதனை எல்லையென ஒப்புக்கொண்டதாய் முடியும். ஆகவே கேட்கவில்லை. கிழக்கரசினர் அதனைச் சர்வதேச எல்லையென்றே சாதித்தனர். வருவோரை மறிக்க வேண்டுமாயின் நீங்களே உங்கள் பக்கத்திற் சோதியுங்கள் என்பது அவர்கள் வைத்த பொறி. விமானக் கட்டணமாக அந்நியச் செலாவணியும் கிடைத்தது. இவ்விரு பிடிவாதங்களுக்கும் நடுவே இருந்த இடுக்கினூடாக நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கிற் கடந்து சென்றார்கள்.

இவற்றையெல்லாம் மாணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது முன்னாள் மண்சுவரைத் தடவிய அப்பிள்ளை கேட்டாள்: “சேர், அதே வருடங்களில், அதே கோட்டில், தங்கள் ஆட்களைச் சுட்டார்கள் அல்லவா? உங்களை மட்டும் ஏன் போக விட்டார்கள்?”

காரணம் மேலே எழுதியதுதான், அதனை எடுத்துரைத்தேன். ஆயினும் அவள் கேட்டது காரணத்தை மட்டுமன்று என்பதை உணர்ந்தேன். கூண்டிலிருந்த அதிகாரியை நான் அந்நாள் முதல் நன்றியோடே நினைத்து வந்திருக்கிறேன். என் முகத்தை நெடுநேரம் பார்த்து முத்திரை குத்தி விட்டவர் அவர். என் வயதொத்த ஜேர்மன் இளைஞனொருவன் அதே கூண்டில் நின்றிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். அவன் மதிலேறினால் வேறொருவர் சுட்டிருப்பார். 1989 பெப்ரவரியிற் சுடப்பட்டு மாண்ட கிறிஸ் கெஃப்றோய்க்கு வயது இருபதே. நான் வந்தபோது எனக்கும் வயது இருபது. இதனை நான் முன்பு ஒருநாளும் ஒருங்கே வைத்து எண்ணியதில்லை. எனக்குத் திறந்த வாயிலும் அவனுக்கு அடைத்த வாயிலும் ஒன்றே என்பதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை சொல்லவேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த விடை இவ்வளவே என்று அவளுக்குச் சொன்னேன். அவள் தலையசைத்தாள், திருப்தியடைந்தாள் என்று சொல்லமாட்டேன்.

அவ்வாயிலும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. மேற்கு ஜேர்மன் அரசு வற்புறுத்தியதால், மேற்கு ஜேர்மன் அனுமதியில்லாத தமிழரைக் கடந்துசெல்ல விடுவதில்லையெனக் கிழக்கு ஜேர்மனி 1985இல் இணங்கியது; 1986இல் அத்தடை ஏனைய நாட்டவருக்கும் விரிந்தது. என்னோடு உயர்வகுப்பிற் பயின்ற நண்பரொருவர் அவ்வாண்டிற் பயணச்சீட்டும் கையுமாகக் கொழும்பு விடுதியொன்றில் இருந்தார். வழி மூடிவிட்டதென்று செய்தி வந்தது. அவர் ஊருக்குத் திரும்பினார். பின்பு நடந்ததை அவருடைய வகுப்புத் தோழர்கள் அறிவார்கள்.

மதில் வீழ்ந்த கதை பலரும் அறிந்ததே. 1989 நவம்பர் 9ஆம் நாள் மாலை, கிழக்கு ஜேர்மன் கட்சித் தலைவர்களுள் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர் கூட்டத்திற் புதிய பிரயாண விதிகளை வாசித்தார். அவை எப்போது நடைமுறைக்கு வருமென்று கேட்டதற்கு, தாமறிந்தவரை உடனடியாகவே என்றார். மறுநாள் முறைப்படி தொடங்கவேண்டியது அது. தொலைக்காட்சியிற் கேட்ட சனங்கள் வாயில்களில் திரண்டனர். காவலருக்குக் கட்டளை ஏதும் வந்திருக்கவில்லை. இரவு பதினொன்றரை மணியளவிற் போர்ண்கொல்மர் வீதி வாயிலைத் திறந்துவிட்டனர். 1990 ஒக்டோபர் 3ஆம் நாள் இரு நாடுகளும் ஒன்றாயின. பேர்லினையே அரசின் இருப்பிடமாக்குவதா என்று 1991இற் பாராளுமன்றத்தில் வாக்கெடுத்தபோது 338 பேர் ஆம் என்றும் 320 பேர் அன்று என்றும் வாக்களித்தனர். அவ்வளவு நூலிழை வித்தியாசம். மதில் நின்ற தடத்தை நகரின் நடுவே இரட்டை வரிசைக் கற்களாற் குறித்திருக்கிறார்கள். வாகனங்களும் துவிச்சக்கரவண்டிகளும் அக்கற்களின் மேலே ஓடுகின்றன. 2018 பெப்ரவரியில், மதில் நின்ற காலமும் அது வீழ்ந்தபின் கழிந்த காலமும் சமமாயின.

கடைசி நாளில் டெம்பல்ஹோவ் விமான நிலையத்தைப் பார்த்தோம். தடைக்காலத்தில் நிலக்கரி விமானங்கள் இறங்கிய அவ்வோடுபாதை 2008இல் மூடப்பட்டு, 2010 முதற் பொதுமக்கள் உலாவும் பெருவெளியாயிற்று. பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தனர். தைப்பொங்கற் காலத்து வல்வெட்டித்துறைக் கடற்கரையைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். காற்று அதிகமாயிருந்ததாற் பாதி கேட்டிருக்காது.

மாணவரை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்களின் பொருட்டு ஒரு குறிப்பு. பேர்னவர் வீதி நினைவிடத்துக்கும் கண்ணீர் மாளிகைக்கும் கட்டணமில்லை. பாராளுமன்றத்தின் கண்ணாடிக் கூம்பில் ஏறுவதற்கு முன்கூட்டியே பெயர்களைப் பதிந்துகொள்ளல் வேண்டும். நாம் அதனைப் பிந்திச் செய்தமையால் வாசலோடு திரும்பினோம்.

அப்பிள்ளை இப்போது தன் பாடசாலைக்கு இவ்விடயமாக ஒரு கட்டுரை எழுதுகிறாளாம். 1984இல் நான் வந்த விமானச் சீட்டின் அடிக்கட்டை இருந்தால் தரும்படி கேட்டிருக்கிறாள். பழைய பெட்டியொன்றில் வைத்ததாக ஞாபகம். அடுத்த சனிக்கிழமைக்குள் தேடியெடுப்பதாக என் மனைவியார் சொல்லியிருக்கிறார்.